மண்ணைக் காக்க ஒரு தேர்தல்



முப்பத்து நாலு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகள். கிணறு வெட்ட, மோட்டார் வைக்க, டிராக்டர் வாங்க என்று எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்பேன். சர்வே எண்ணை இரண்டு தடவை சரிபார்ப்பேன். ஆனால், "இந்தக் காட்டில் மேல்மண் எவ்வளவு ஆழம் இருக்கு? மழை பெய்தால் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" என்று ஒரு விவசாயியிடமும் கேட்டதில்லை. நாங்கள் அடமானம் பிடித்தது காகிதத்தில் இருந்த நிலத்தை. நிஜமான நிலம் ஒவ்வொரு மழைக்கும் ஓடையில் போய்க்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்றதும் சிறுமலை அடிவாரத்தில் நாலு ஏக்கர் மேட்டுக்காடு வாங்கினேன். சரிவான பூமி. ரசாயனம் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்தாகிவிட்டது. ஜீவாமிர்தம், பலதானிய விதைப்பு, மூடாக்கு என்று பயிற்சிகளில் கற்றதையெல்லாம் செய்தேன். இரண்டாம் வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி கனமழை. விடிந்து போய்ப் பார்த்தால் மேல்வரப்பு இரண்டு இடத்தில் உடைந்து கிடக்கிறது. மூடாக்கு, தொழுவுரம், நிலக்கடலைச் செடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தண்ணீர் ஓடைக்குப் போய்விட்டது.

தண்ணீர் வந்தது மேல்காட்டிலிருந்து. அந்த அண்ணன் சரிவோட்டத்திலேயே, மேலிருந்து கீழாக உழுதிருந்தார். நேரே போய்ச் சத்தம் போட்டேன். "மேட்டுத் தண்ணி பள்ளத்துக்குத்தான் சார் வரும், அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அதோடு பேச்சு நின்றது. எட்டு மாதம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அந்த எட்டு மாதத்துக்கு நடுவே, கோடையில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்த ஒரு ஏற்பாட்டையும், ஊர் திரும்பி அதைப் பற்றித் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். "அமெரிக்க விவசாயத்தில் நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஓட்டுச் சீட்டின் கடைசியில்

ஒருநாள் மருமகனோடு காரில் போகும்போது ஒரு சின்ன அரசுக் கட்டடத்தின் பெயர்ப் பலகையில் "மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு மாவட்டம்" என்று இருந்தது. என்னப்பா இது என்று கேட்டேன். "தெரியலை மாமா. ஆனா இதுக்குத் தேர்தல் உண்டு. ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுற அதே சீட்டுல கடைசியில இந்தப் பதவியும் வரும். யாருன்னே தெரியாம நானும் போட்டிருக்கேன்" என்றார். மண்ணைப் பாதுகாக்க ஒரு தேர்தலா! மறுவாரமே மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன்.

இங்கே மாவட்டம் என்றால் நம்ம கலெக்டர் ஆபீஸ் மாவட்டம் இல்லை. மண்ணையும் நீரையும் காப்பது ஒன்றையே வேலையாகக் கொண்ட உள்ளூர் அமைப்பு. அமெரிக்கா முழுக்க இப்படி ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் அதிகாரமும் கொஞ்சம் மாறும். வட கரோலினாவில் 96. ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஐந்து பேர் கொண்ட குழு. மூன்று பேரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டு பேர் நியமனம். பதவிக்காலம் நாலு வருடம். கட்சிச் சின்னம் கிடையாது. சம்பளமும் கிடையாது. பெரும்பாலும் அந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், விவசாயம் பார்ப்பவர்கள். இவர்களுக்குக் கீழே சம்பளம் வாங்கும் தொழில்நுட்ப ஆட்கள் சிலர்.

தூசியில் பிறந்த சட்டம்

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அழிவு இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்திலும் அதற்குப் பிறகும் கோதுமைக்கு நல்ல விலை. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் காலகாலமாகப் புல் வளர்ந்து கிடந்த லட்சக்கணக்கான ஏக்கரை உழுது தள்ளினார்கள். 1930-களில் வறட்சி வந்தது. பிடித்துவைக்கப் புல்வேர் இல்லாத மண் காற்றில் கிளம்பியது. 1934 மே மாதம் கிளம்பிய புழுதி வாஷிங்டனையும் நியூயார்க்கையும் தாண்டி, அட்லாண்டிக் கடலில் நின்ற கப்பல்கள் மேலும் படிந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி வந்த புழுதிப் புயலில் பட்டப்பகல் இருட்டானது. அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தவர் ஹ்யூ ஹாமண்ட் பென்னட். வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் ஒரு பருத்திக் காட்டில் வளர்ந்தவர். 1903-இல் அரசாங்க மண் ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1905-இல் வர்ஜீனியாவில் ஆய்வு செய்தபோது பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடாகக் கிடந்தது, மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது. இன்னொன்று உழுது பயிர் செய்தது, இறுகிய களிமண்தான் மிச்சம். சரிவு ஒன்று, மழை ஒன்று, ஆதி மண்ணும் ஒன்று. வாய்க்கால் அறுத்துக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேல்மண் ஏடு ஏடாக, யாருக்கும் தெரியாமல் கழுவிப் போகிறது என்பது அவருக்கு அன்றைக்குப் புரிந்தது.

பென்னட் கூட்டங்களில் ஒரு வேடிக்கை செய்து காட்டுவார் என்று சொல்வார்கள். மேசை மேல் தடித்த துண்டு ஒன்றை விரித்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். துண்டு குடித்துக்கொள்ளும். துண்டை எடுத்துவிட்டு வெறும் மேசையில் இன்னொரு குவளை ஊற்றுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் மடியில் தண்ணீர் கொட்டும். நாம் மூடாக்கு, மூடாக்கு என்று சொல்வது இதைத்தானே?

1935 ஏப்ரல் 27-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மண் பாதுகாப்புத் துறை உருவாகி, பென்னட் அதன் தலைவரானார். பணமும் ஆளும் இருந்தும் ஒரு சிக்கல். வாஷிங்டனிலிருந்து வரும் அதிகாரி தனியார் காட்டுக்குள் இறங்கி "இப்படி உழு, அப்படி உழு" என்று சொன்னால் எந்த விவசாயி கேட்பான்? அரசு செய்து காட்டிய மாதிரிப் பண்ணைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நாடு முழுக்க அரசே செய்ய முடியாது.

அதனால் 1937 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன் சாரம் எளிமையானது. ஒரு பகுதியில் நிலம் வைத்திருக்கும், அல்லது பயிர் செய்யும் 25 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க வேண்டும். பொதுக்கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு ஓட்டெடுப்பு. பெரும்பான்மை சம்மதித்தால் மண் பாதுகாப்பு மாவட்டம் அமையும். 1937 ஆகஸ்ட் 4-இல் நாட்டின் முதல் மாவட்டம் அமைந்தது. அது பென்னட் பிறந்த அதே ஆன்சன் கவுண்டியில். பெயர் பிரவுன் கிரீக். கிரீக் என்றால் ஓடை. ஊர்ப் பெயரையோ தலைவர் பெயரையோ வைக்காமல் ஓடையின் பெயரை வைத்தார்கள். ஓர் ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதுதான் அதன் பொருள்.

கூப்பிட்டால் என்ன நடக்கும்?

நான் போன ஆபீசில் இருந்தவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், விவசாயி கூப்பிட வேண்டும். அவர்களாக வந்து நிற்பதில்லை. கூப்பிட்டால் ஆள் வந்து விவசாயியோடு காட்டைச் சுற்றி நடக்கிறார். இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, மண் வரைபடத்தை வைத்துப் பார்க்கிறார்கள். மண்ணின் வகை, சரிவின் அளவு, சரிவின் நீளம், தண்ணீர் நுழையும் இடம், வெளியேறும் இடம் எல்லாம் குறிக்கப்படும்.

மூன்றாவது, ஒரு திட்டம் எழுதித் தருகிறார்கள். அதில் ஒரே வழி இருக்காது, இரண்டு மூன்று வழிகள் இருக்கும். சமமட்டக் கோட்டில் உழவு, பட்டை பட்டையாக மாற்றுப் பயிர், மூடுபயிர், தண்ணீர் இறங்கும் பாதையில் புல் வளர்த்த அகலமான வாய்க்கால், மாடு ஓடைக்குள் இறங்காமல் வேலியும் தனித் தண்ணீர்த் தொட்டியும், ஓடைக் கரையில் மரவரிசை. எதைச் செய்வது என்று முடிவு செய்வது விவசாயி.

நாலாவது பணம். வட கரோலினாவில் மாநில அரசின் செலவுப் பகிர்வுத் திட்டத்தில் சராசரிச் செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் 90 வரை. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது. அதனால் எந்தக் காட்டில் மண் அதிகம் போகிறது, எது ஓடைக்குப் பக்கம் என்று மதிப்பெண் போட்டு அந்த ஐந்து பேர் குழு வரிசைப்படுத்துகிறது.

ஐந்தாவது விஷயம் வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலை முடிந்து, அளந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் பணம். நம்ம பின்னேற்பு மானியம் மாதிரி. அதோடு விடுவதில்லை. கட்டிய அமைப்பைப் பொதுவாகப் பத்து வருடம் பராமரிக்க வேண்டும். இடையில் அழித்தால் மீதி வருடங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் மானியம் வாங்கியவுடன் வரப்பு கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்க்க எங்களுக்கு விதி இல்லை.

இது தவிர, உழாமல் விதைக்கும் கருவியை ஏக்கர் கணக்கில் வாடகைக்குத் தருவது, மரக்கன்று விற்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மண் பாடம் நடத்துவது என்று பல மாவட்டங்கள் சின்னச் சின்ன வேலைகளும் செய்கின்றன.

எல்லாம் கேட்டுவிட்டு என் வரப்பு உடைந்த கதையைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணீர் உங்கள் நிலத்திலேயே பிறக்கிறதா, வேறு நிலத்திலிருந்து வருகிறதா?" மேலேயிருந்து வருகிறது என்றேன். "அப்படியானால் நாங்கள் முதலில் மேல்நிலத்துக்காரரைத்தான் பார்ப்போம்" என்றார்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 டன். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. கண்ணுக்கே தெரியாது. ஏக்கருக்கு இரண்டு டன் தொழுவுரம் போட்டுவிட்டுப் பெருமையாக இருந்த எனக்கு இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுத்தது. உள்ளே போடுவதைவிட வெளியே போவது அதிகம் என்றால் அது என்ன இயற்கை விவசாயம்?

அமெரிக்க மண் விஞ்ஞானிகள் அரிப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கும் மூடாக்கு, நாம் செய்யும் தடுப்பு இவற்றைப் பெருக்க வேண்டும். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. சரிவின் நீளத்தை வரப்பு போட்டுக் குறைக்கலாம். மிதமான சரிவில் சமமட்டக் கோட்டில் உழுதாலே அரிப்பு ஏறக்குறைய பாதி என்பது அவர்கள் கணக்கு. எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம் மூடாக்குதான்.

பலன் இருந்ததா? 1982-க்கும் 2007-க்கும் இடையில் அந்த நாட்டின் பயிர் நிலங்களில் நீராலும் காற்றாலும் போகும் மண் சுமார் 43 சதவீதம் குறைந்திருக்கிறது என்பது அரசுக் கணக்கெடுப்பு.

குறைகளும் உண்டு

எல்லாம் தேனும் பாலும் இல்லை. புழுதிப் புயலுக்குப் பிறகு காற்றைத் தடுக்க 22 கோடி மரம் நட்டார்கள். 1970-களில் தானிய விலை ஏறி, வேலி முதல் வேலி வரை விதையுங்கள் என்று அரசே சொன்னபோது, பலர் அந்த மரவரிசைகளை வெட்டிவிட்டு உழுதார்கள். விருப்பப்பட்டால் செய் என்ற ஏற்பாட்டின் பலவீனம் அது. விலை நன்றாக இருந்தால் மண் மறந்துபோகும். 1985-இல் வந்த சட்டம்தான் கொஞ்சம் கடிவாளம் போட்டது. அரிப்பு அதிகமுள்ள நிலத்தில் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் பயிர் செய்தால் அரசு சலுகைகள் கிடையாது என்றார்கள்.

இன்னொன்று, நாம் கவனிக்க வேண்டியது. அங்கே உழவில்லா விவசாயம் என்றால் பெரும்பாலான பண்ணைகளில் களைக்கொல்லி அடித்துவிட்டு விதைப்பதுதான். மண் நிற்கிறது, விஷமும் நிற்கிறது. மூடுபயிரை உருளையால் மடக்கிப் படுக்கவைத்து அதன் மேலேயே விதைக்கும் இயற்கை உழவர்களும் அங்கே உண்டு. நம் வழி அதுதான்.

குத்தகைப் பிரச்சினையும் அங்கே இருக்கிறது. பயிர் செய்யும் நிலத்தில் பெரும்பங்கு குத்தகை. அடுத்த வருடம் யார் கையில் இருக்குமோ என்கிற நிலத்துக்குப் பத்து வருட வரப்பு யார் போடுவார்கள்? இந்தக் கேள்வி நமக்கும் புதிதில்லை.

நம் ஊருக்கு வருவோம்

நமக்கு அறிவுக்குப் பஞ்சமில்லை. ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி மையம் 1954 முதல் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் மண் பாதுகாப்புப் பணிகள் உண்டு. நபார்டு நிதியில் நீர்வடிப்பகுதித் திட்டங்கள் நடந்திருக்கின்றன. குளத்துப் பாசனம், கால்வாய்ப் பாசனம் செய்பவர்கள் தேர்தல் வைத்துச் சங்கம் அமைக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. குடிமராமத்து என்று ஊரே கூடிக் குளம் தூர்வாரிய பரம்பரை நாம்.

ஆனால் நான் பார்த்தவரை மானாவாரி மேட்டுக்காட்டுக்குத்தான் நிரந்தரமாக ஒரு ஆள் இல்லை. நீர்வடிப்பகுதிக் கமிட்டி போடுவார்கள். திட்டம் முடிந்து பணம் நின்றதும் பல இடங்களில் கமிட்டியும் நின்றுவிடும். வரப்புக்கு வயது பத்து வருடம், கமிட்டிக்கு வயது நாலு வருடம் என்றால் எப்படி?

ஊர் திரும்பியதும் மேல்காட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. என் காட்டில் உடைப்புக்குக் கீழே படிந்திருந்த செம்மண்ணில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய் அவர் வாசலில் வைத்தேன். "அண்ணே, இது என் மண்ணு இல்ல, உங்க மண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "எங்க அய்யா காலத்துல இந்த நிறம்தான் எங்க காடு முழுக்க இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. அதுவரை நான் அவர் தண்ணீரைப் பற்றியே சண்டை போட்டேன். அவர் மண் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு மேலே இரண்டு பேரையும் சேர்த்து நாலு பேர் ஆனோம். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி, மேலிருந்து தொடங்கிச் சமமட்டக் கோடு குறித்தோம். வரப்பு போட்டு வெட்டிவேர் நட்டோம். மிஞ்சும் தண்ணீர் இறங்க நாலு காட்டுக்கும் பொதுவாகப் புல் வளர்த்த ஒரு வாய்க்கால். செலவை ஏக்கர் கணக்கில் பிரித்தோம். போன ஐப்பசியிலும் ஒரு இடத்தில் உடைந்தது. ஆனால் காலையில் நான் போகும் முன்பே மேல்காட்டு அண்ணன் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

உங்களுக்கு மூன்று யோசனை சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: அடுத்த கனமழையின்போது குடையோடு காட்டுக்குப் போங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, என்ன நிறத்தில் போகிறது என்று பாருங்கள். கலங்கிப் போனால் அது உங்கள் உரக்குழி போகிறது என்று பொருள்.

இரண்டு: உங்களுக்கு மேலே இருக்கும் காட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள். குறை சொல்லாமல் பேசுங்கள். வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே எவ்வளவு பலமாக வரப்பு போட்டாலும் மேலேயிருந்து வரும் வெள்ளம் உடைத்துவிடும்.

மூன்று: ஒரே ஓடைக்குத் தண்ணீர் விடும் பத்து உழவர்கள் சேர்ந்தால் ஓடையின் பெயரில் ஒரு சின்னக் குழு வையுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், எல்லார் காட்டையும் சேர்ந்து நடந்து பாருங்கள். கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு வைத்தால், துறை அதிகாரிகளிடம் போகும்போது தனி ஆளாகப் போகாமல் ஓடையின் பெயரில் போகலாம்.

எங்கள் நாலு பேர் குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஓடைக்கு ஒரு பழைய பெயர் உண்டாம், மேல்காட்டு அண்ணனின் அம்மாவுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். வருகிற ஆடிப்பெருக்குக்கு அவரிடம் கேட்டு வைக்க வேண்டும்.